முதல் கொடிக்கான கட்டம்

மாட்டுவண்டிப் பந்தயத்தைப் போல ஒரு கிறுக்குப் பிடித்த விளையாட்டை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. கூடி நிற்கிறவர்களுக்கு ஆரம்பம் தெரியும், முடிவு தெரியும், நடுவில் நடப்பது ஒன்றுமே தெரியாது. விசில் ஊதியதும் வண்டிகளெல்லாம் வேலிக்கருவைக் காட்டுக்கு நடுவே போகிற தார் ரோட்டில் பறந்து மறைந்துவிடும். நாலு மைல் தள்ளி ஓர் எல்லை. அங்கே நிற்கிற ஆள் வந்து சேர்கிற வரிசைப்படி ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு கொடியை நீட்டுவார். அதை வாங்கிக்கொண்டு திரும்பி, வந்த வழியே வர வேண்டும். அதுவரை மொத்தக் கூட்டமும் வெறும் ரோட்டைப் பார்த்துக்கொண்டு, "மொதக் கொடி யாரு வாங்குனாகளாம்?" என்று பக்கத்தில் நிற்கிறவனைக் கேட்கும். அவனுக்கு மட்டும் என்ன தெரியும்? அவனும் இங்கேதானே நிற்கிறான்.

என் மதினிக்கு அந்த வெறும் ரோடுகூடக் கிடைத்ததில்லை. பரளச்சிப் பக்கம் எங்கள் ஊர். என் அண்ணன் மாட்டுக்குச் சொந்தக்காரன், சாரதியும் அவனே. ஆனால் மயிலையையும் செவலையையும் கன்றாக வந்த நாள் முதல் வளர்த்தது அவன் பொண்டாட்டி, என் மதினி. பருத்திக்கொட்டை ஆட்டி ஊற்றுவது, பேரீச்சம்பழத்தில் கொட்டை எடுத்து ஊட்டுவது, உழுத மண்ணில் நடை பழக்குவது, குளிப்பாட்டுவது எல்லாம் அவள்தான். பந்தய நாளன்று இரண்டுக்கும் நெற்றியில் திருநீறு பூசி லாரியில் ஏற்றிவிட்டு வீட்டில் உட்கார்ந்துகொள்வாள். பெண்கள் பந்தயத்துக்கு வரக் கூடாது என்று யாரும் எழுதி ஒட்டவில்லை. போகிற வழக்கமில்லை, அவ்வளவுதான். அந்த 'அவ்வளவுதான்' மேல் எனக்கு எப்போதுமே ஒரு கடுப்பு.

போன வருஷம் நடந்தது இது. திருச்சுழிப் பக்கம் ஓர் ஊரில் கோயில் திருவிழா, அதையொட்டிப் பெரிய மாட்டுப் பந்தயம். எங்கள் ஊரிலிருந்து ஸ்கூட்டியில் விரட்டினால் சட்டென்று போய்விடுகிற தூரம்தான். அதற்கு ஒரு வாரம் முன்னால் அண்ணன் டீக்கடையில் நின்று வாயை விட்டுவிட்டான். சிவகங்கைப் பக்கமிருந்து ஒரு மாட்டுக்காரர் வந்து எங்கள் ஜோடியை விலைக்குக் கேட்டிருக்கிறார். இவன் வீறாப்பாக, "இந்தத் தடவ மொதப் பரிசு அடிக்கலன்னா நீங்களே ஓட்டிக்கிட்டுப் போங்கண்ணே" என்று சொல்லிவிட்டு வந்தான். சபையில் சொன்ன சொல். அவனால் விழுங்கவும் முடியாது, துப்பவும் முடியாது. அன்றைக்கிருந்து மதினி சோற்றைப் பிசைவாள், தின்னாமல் அப்படியே தொழுவத்துக்குக் கொண்டுபோய்விடுவாள்.

நான் அருப்புக்கோட்டையில் ஒரு மாடி வீட்டில் இருந்துகொண்டு சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு வெப்சைட் எழுதுகிறவள். திருவிழாவுக்கென்று பஸ்ஸைப் பிடித்து ஊருக்கு வந்தால் மதினியின் முகம் இப்படி இருக்கிறது. "போன வருசம் எத்தன தடவ போன் பண்ணுனேன் தெரியுமா?" என்றாள். "உங்கண்ணே கூட்டாளிக்குத்தான். திரும்பிட்டாகளான்னு கேப்பேன், இன்னும் இல்லம்பாரு. வச்சுட்டு மறுபடி கேப்பேன், இல்லம்பாரு. கடேசில அந்த மனுசன் போன அமத்திப் போட்டுட்டாரு."

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. பழைய காலத்து வெப்சைட்டும் இதைத்தான் செய்யும். பிரவுசர் போய் சர்வரிடம் "வந்துச்சா?" என்று கேட்கும். "இல்லை" என்றதும் திரும்பி வந்து, மூச்சுவிட்டு, மறுபடி போய் "வந்துச்சா?" என்னும். ஆயிரம் பேர் இப்படி நச்சரித்தால் சர்வரும் போனை அமத்திப் போட்டுவிட்டு விழுந்துவிடும். இதற்கு வேறு வழி இருக்கிறது. பிரவுசர் ஒரே ஒரு தடவை கூப்பிட்டால் போதும். சர்வர் போனை வைக்காது. "நீ சும்மா காதுல வச்சுக்கிட்டு இரு, விசயம் வந்தா நானே சொல்றேன்" என்று லைனைத் திறந்தே வைத்திருக்கும். செய்தி வந்த மறுநொடி, கேட்டுக்கொண்டிருக்கிற அத்தனை பேர் காதிலும் தானாகப் போய் விழும்.

"மதினி, இந்தத் தடவ நீங்க யாரையும் கேக்க வேணாம். அது தானா வந்து உங்ககிட்டச் சொல்லும்" என்றேன்.

"யாரு வந்து சொல்லுவாக?"

"போனு."

"ஆத்தாடி, அது வேறயா" என்றாள். ஊருக்கு வந்த பிறகு அவள் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான்.

செய்து முடிக்கிறவரை எனக்குத் தலைகால் புரியவில்லை. ஆபீஸ் வேலையில் இந்தச் சந்தோஷத்தில் கால்வாசி இருந்தால் நான் இந்நேரம் மேனேஜர். பக்கம் ரொம்ப எளிது. மேலே கொடிக் கட்டங்கள் வரிசையாக இருக்கும். முதல் கொடி, இரண்டாம் கொடி என்று அந்தந்தக் கட்டத்தில் வண்டியின் ஊர்ப்பெயர் வந்து விழும். கீழே, திரும்பி வருகிறபோது யார் முன்னால் யார் பின்னால் என்கிற வரிசை. எல்லையில் நின்று அழுத்த ஓர் ஆள் வேண்டுமே? மதினியின் தம்பி, எனக்கு மச்சான் முறை, நரிக்குடிக்காரர், எல்லையும் அந்தப் பக்கம்தான். "இந்தா, என்ன பெரிய வித்தை, அமுக்கிட்டாப் போச்சு" என்று ஒத்துக்கொண்டார். கொடிகள் முடிந்ததும் கூட்டாளியின் பைக்கில் பின்னால் ஏறிக்கொண்டு மாடுகளோடு கூடவே வந்து, கடைசிக் கோடு வரைக்கும் அழுத்துவார் என்று ஏற்பாடு.

சோதித்துப் பார்த்தபோது ஒரு கூத்து. நான் லேப்டாப்பில் ஒவ்வொன்றாக அழுத்துகிறேன், மதினி போனில் ஒன்றுமே வரவில்லை. அவள் போனைக் குலுக்கிப் பார்க்கிறாள். அப்புறம் எல்லாக் கொடியும் ஒரே நேரத்தில் பொதுபொதுவென்று கொட்டின. விசாரித்தால் சர்வருக்கு முன்னால் காவலுக்கு நிற்கிற இன்னொரு புரோகிராம், அருப்புக்கோட்டை ஷேர் ஆட்டோ மாதிரி, ஆள் நிறைந்தால்தான் வண்டியை எடுப்பேன் என்று செய்திகளைச் சேர்த்து வைத்திருக்கிறது. "ஒத்த ஆளு ஏறினாலும் உடனே எடுடா" என்று அதற்கு ஒரு வரி எழுதிப் போட்டேன். சரியாகிவிட்டது. இன்னொன்றும் செய்தேன். ரொம்ப நேரம் பேச்சில்லாத லைனை நடுவில் இருக்கிறவர்கள் செத்த லைன் என்று நினைத்து வெட்டிவிடுவார்கள். அதனால் செய்தி இல்லாதபோதும் சர்வர் கொஞ்ச நேரத்துக்கு ஒரு தடவை வெறுமனே ஒரு "ம்" போட்டுக்கொண்டிருக்கும். போனில் கதை கேட்கிறவர்கள் போடுவார்களே, அதே "ம்"தான். மதினிக்கு இது ரொம்பப் பிடித்துப்போனது. "இப்பவும் ம்முங்குதா?" என்று அடுப்படியிலிருந்து கேட்டுக்கொண்டே இருந்தாள்.

பந்தயத்தன்று காலையில் லாரி கிளம்பியது. கிளம்பும்போது அண்ணன் கூட்டாளி ஒருவர் அந்தப் பக்கத்தின் முகவரியை ஒரு வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிட்டார். நான் மதினிக்கென்று செய்தது! திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போனவர்கள், துபாயில் லாரி ஓட்டுகிறவர்கள், மலேசியாவில் ஓட்டல் வைத்தவர்கள் என்று மாட்டுப் பைத்தியங்கள் அத்தனையும் வந்து லைனில் உட்கார்ந்துவிட்டன. என் லேப்டாப்பில் எத்தனை பேர் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று ஓர் எண் ஓடும். அது ஏறிக்கொண்டே போனது. அத்தனை பேரும் வாயை மூடிக்கொண்டு நான் எழுதிய நாலு வரியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருக்கிறார்கள். சர்வர் அவ்வளவு பேருக்கும் சலிக்காமல் "ம்" போடுகிறது. நான் எழுந்து கூடத்தில் ஒரு குதி குதித்தேன். மதினி, "உக்காருடி, கண்ணக் கட்டுது" என்றாள்.

விசில் ஊதியாயிற்று என்று அண்ணன் கூட்டாளியிடமிருந்து போனில் செய்தி வந்தது. பக்கத்து வீட்டுப் பெண்கள் இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள். மதினி போனை உள்ளங்கையில் வைத்து, ஊற்றி வைத்த எண்ணெய் சிந்திவிடக் கூடாது என்பது போலப் பிடித்திருந்தாள்.

அப்புறம் டக்கென்று ஒரு கட்டத்தில் ஊர்ப்பெயர் விழுந்தது. இரண்டாம் கொடி, அது எங்கள் வண்டி இல்லை. மூன்றாம் கொடியும் எங்களுடையது இல்லை. நாலாவதும் இல்லை. முதல் கொடிக் கட்டம் காலி!

"என்னடி இது, ரெண்டாவது எப்புடி மொதல்ல வரும்?" என்றாள் மதினி.

எனக்குக் குப்பென்று வேர்த்துவிட்டது. ஒரு செய்தி தொலைந்துவிட்டது! லேப்டாப்பை மடியில் இழுத்துப் போட்டுத் தோண்ட ஆரம்பித்தேன். அந்த ஷேர் ஆட்டோக்காரன் மறுபடி வேலையைக் காட்டிவிட்டானா? இல்லை. லைன் அறுந்து மறுபடி சேர்ந்ததில் ஒன்று விழுந்துபோனதா? அதற்கும் வழியில்லை, ஒவ்வொரு செய்திக்கும் நம்பர் போட்டிருக்கிறேன், நம்பர் எல்லாம் வரிசையாக இருக்கிறது. இதற்குள் ஐந்தாம் கொடி, ஆறாம் கொடி. திருப்பூரிலிருந்து எங்கள் பெரியப்பா மகன் கூப்பிட்டு, "ஏ புள்ள, மொதக் கொடி யாருக்கு? ஒன் கம்ப்யூட்டரு படுத்துருச்சா?" என்றான். "படுக்கல, நீ போன வை" என்று கத்தினேன். ஆனால் உள்ளுக்குள் படுத்துவிட்டது நான்தான்.

மதினி போனைத் தரையில் வைத்துவிட்டாள். "கடேசிக் கொடி வரைக்கும் வந்துருச்சு. நம்மூரு பேரக் காணோம்" என்றாள். "எங்குட்டோ குடை சாஞ்சுருச்சு. பள்ளத்துல விழுந்திருக்கும். உங்கண்ணே என்ன ஆனாகளோ, எம்புள்ளைக ரெண்டுக்கும் காலு கீலு..." சத்தமில்லாமல் கண்ணீர் வழிந்தது.

நான் மச்சானுக்குப் போட்டேன். மூன்றாவது தடவைதான் எடுத்தார். காற்றும் பைக் சத்தமுமாக இருந்தது.

"மச்சான், நம்ம வண்டி எங்க?"

அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "முன்னாடி" என்றார்.

"எங்க முன்னாடி?"

"மெல்லப் பேசு. மொதக் கொடி நம்மதான். பறந்து போயிக்கிட்டு இருக்கு."

"பின்ன ஏன் அமுக்கல?"

"கூறு கெட்டவளே, ஓட்டம் முடியிறதுக்குள்ள நம்ம மாடுதான் முன்னாடின்னு நம்ம வாயால சொல்லலாமா? துபாயி, மலேசியா, அம்புட்டு பேரும் பாத்துக்கிட்டு இருக்கான். கண்ணு பட்டுச்சுன்னா? கண்ணு படக் கூடாதுன்னு துணி போத்திக் கூட்டியாந்த மாடு அது!"

எனக்குச் சிரிப்பதா, போனை விட்டெறிவதா என்று தெரியவில்லை. நான் நூறு தப்பு நடக்கும் என்று யோசித்து நூறுக்கும் மருந்து எழுதி வைத்திருந்தேன். லைன் அறுந்தால் என்ன, சர்வர் விழுந்தால் என்ன, ஒரே நேரத்தில் இரண்டு அழுத்தினால் என்ன என்று எல்லாம் பார்த்தாயிற்று. கண்ணு பட்டுவிடும் என்று அழுத்துகிற மனுஷனே அழுத்தாமல் விட்டால் அதற்கு எந்த புரோகிராமில் மருந்து இருக்கிறது? "இங்க உங்கக்கா மாடு செத்துப்போச்சுன்னு அழுதுக்கிட்டு இருக்கு மச்சான்!" என்று கத்திவிட்டு, லேப்டாப்பிலிருந்து நானே அழுத்தினேன். முதல் கொடிக் கட்டத்தில் எங்கள் ஊர்ப்பெயர் விழுந்தது.

மதினி போனைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். "அடியாத்தி!" என்று ஒரு கூப்பாடு. பக்கத்து வீட்டுப் பெண்கள் குலவை போட்டார்கள். நானும் மதினியும் கையைப் பிடித்துக்கொண்டு கூடத்தில் கிறுகிறுவென்று சுற்றினோம். தெருவில் எவனோ ஒரு சரத்தைக் கொளுத்திப் போட்டான். அவனும் லைனில்தான் இருந்திருக்கிறான்.

சரவெடி முடிவதற்குள் கீழே வரிசை மாறியது. முன்னால் வேறு ஊர், இரண்டாவதாக நாங்கள்.

உடனே மச்சான் போன் அடித்தது. "போட்டுட்டியா! அமுக்குன அடுத்த வளைவுல முந்திட்டான்! நான் சொன்னேனா இல்லியா?"

நான் கல்லூரியில் படித்தவள். கண்ணாவது படுவதாவது என்று சின்ன வயதிலிருந்து வீட்டில் சண்டை போட்டவள். அந்த நிமிஷம் நானே நம்பிவிட்டேன், அதுதான் உண்மை. அழுத்தியதைத் திரும்ப வாங்க முடியுமா என்றுகூட யோசித்தேன். அத்தனை பேர் காதிலும் போய் விழுந்ததை எங்கிருந்து திரும்ப வாங்குவது? மதினி என் முகத்தைப் பார்த்தாள். திட்டப் போகிறாள் என்று நினைத்தேன். "வண்டிய எடு" என்றாள்.

"எங்க?"

"எங்கயா? இது முந்துச்சு, அது பிந்துச்சுன்னு இங்க உக்காந்து பாத்துக்கிட்டு இருக்கவா? எம்மாட்டப் பிடிச்சுக் குடுக்குறதுன்னா என் கண்ணு முன்னாடி குடுக்கட்டும். எடுடி!"

ஸ்கூட்டியை நான் அப்படி ஓட்டியதே இல்லை. மதினி சேலையை வரிந்து கட்டிக்கொண்டு பின்னால் உட்கார்ந்து, ஒரு கையால் என் தோளையும் ஒரு கையால் போனையும் பிடித்திருந்தாள். பருத்திக் காட்டையும் சோளத் தட்டையையும் தாண்டிப் பறக்கிறோம். காதுக்குள் அவள் வாசித்துக்கொண்டே வருகிறாள். "ரெண்டாவதுதான்... இன்னும் ரெண்டாவதுதான்..." கண்மாய்க் கரையில் ஏறியதும் சிக்னல் போய்விட்டது. "ஒண்ணும் வரலடி! ம்மும் காணோம்!" என்று அலறினாள். "தானாப் பிடிக்கும் மதினி, விட்ட எடத்துல இருந்து சொல்லும்!" என்று நானும் அலறினேன். கரை இறங்கியதும் பிடித்தது. விட்டுப்போன செய்தியெல்லாம் வரிசையாக வந்து குதித்தன. குட்டு உடைந்த பிறகு மச்சான் எதையும் மறைக்காமல் அழுத்தியிருக்கிறார்: முந்தியது, பிந்தியது, மறுபடி முந்தியது, மறுபடி பிந்தியது. நல்லவேளை, நடந்தபோதே இதையெல்லாம் கேட்டிருந்தால் அவள் வண்டியிலிருந்து குதித்திருப்பாள். எனக்கு என்னவோ வாய்விட்டுச் சிரிப்பு வந்தது. அவளும் சிரித்தாள், அழுதுகொண்டே.

ஆம்பளைக் கூட்டம் ரோட்டின் இரண்டு பக்கமும் சுவர் கட்டி நின்றது. மதினி, "வழி விடுங்க" என்று ஒரே அதட்டல். சாரதி பொண்டாட்டி என்று யாருக்கும் தெரியாது, ஆனாலும் விட்டுவிட்டார்கள். நாங்கள் கோட்டருகே போய் நிற்கவும், வளைவில் இரண்டு வண்டிகள் சேர்ந்தாற்போலத் திரும்பவும் சரியாக இருந்தது. அண்ணன் நின்றுகொண்டு கத்துகிறான். மயிலையின் கழுத்து நீண்டு நீண்டு வருகிறது. மதினி தொண்டை கிழிய ஏதோ கத்தினாள். என்ன கத்தினாள் என்று அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. கோட்டைத் தாண்டினார்கள்.

இரண்டாவதுதான். ஒரு மூக்களவு பின்னால்.

அண்ணன் வண்டியை விட்டு இறங்கியபோது முகம் செத்துக் கிடந்தது. மாடு இரண்டும் நுரை தள்ளிக்கொண்டு, யாரையும் கிட்டே சேர்க்காமல் துள்ளின. சிவகங்கைக்காரர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முன்னால் வந்தார். பின்னாலேயே அவருடைய லாரி நின்றது, எங்கள் லாரியும் நின்றது. அண்ணன் அவரிடம், "சொன்ன சொல்லு சொன்னதுதாண்ணே" என்றான்.

"சொன்னது யாரு?"

மதினி நடுரோட்டில் நின்றாள். அண்ணன் பேயைப் பார்த்தது போலப் பார்த்தான்.

"நீ எப்புடி இங்க..."

"நான் எப்பச் சொன்னேன் விக்கிறேன்னு? டீக்கடையில நின்னு நீங்க சொன்னா ஆச்சா? எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டீகளா?" என்றாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் நாலு பேர் முன்னால் அவனை எதிர்த்துப் பேசி நான் பார்த்ததில்லை. அவளும் பார்த்திருக்க மாட்டாள். அண்ணன் பதிலை எதிர்பார்க்காமல் மாட்டுக்கிட்டே போனாள். அதுவரை நாலு ஆள் பிடித்தும் நிற்காத செவலை தலையைத் தாழ்த்தியது. மயிலை அவள் முந்தானைக்குள் மூக்கை விட்டுப் பேரீச்சம்பழம் தேடியது. "அவசரத்துல கொண்டாரலயேடா" என்று அதன் நெற்றியில் முகத்தை வைத்துக்கொண்டு ஓவென்று அழுதாள்.

சிவகங்கைக்காரர் மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கிவிட்டார். "ஏப்பா, இத நான் கொண்டுபோனா மறுநாளே கயித்த அத்துக்கிட்டு இந்தம்மாவத் தேடி வந்துரும். எனக்கு எதுக்குய்யா இந்த வம்பு? ஒஞ்சொல்லு ஒங்கிட்டயே இருக்கட்டும்" என்றார். கூட்டம் ஓவென்று சிரித்தது.

எங்கள் லாரி டிரைவர் பலகையை இறக்கிவிட்டு, "அண்ணே, ஏத்தவா?" என்று கேட்டார். அண்ணன் மதினி பக்கம் கையைக் காட்டினான். "அவகிட்டக் கேளு" என்றான்.

மதினி லாரிப் பக்கம் திரும்பவேயில்லை. இரண்டு கயிற்றையும் ஒரு கையில் சுற்றிக்கொண்டு ரோட்டில் இறங்கி நடந்தாள். மாடுகள் இரண்டும் அவளுக்கு இரண்டு பக்கமும் நடந்தன. இரண்டாம் பரிசுக் கோப்பையை அக்குளில் இடுக்கிக்கொண்டு அண்ணன் பின்னால் போனான். நான் ஸ்கூட்டியை உருட்டிக்கொண்டு போய் மதினியைப் பிடித்தேன். போனை எடுத்துப் பார்த்தால் ஓட்டம் முடிந்தும் ஒருத்தரும் போகவில்லை. திருப்பூரும் துபாயும் மலேசியாவும் அப்படியே காதில் வைத்துக்கொண்டு இருக்கின்றன. டீக்கடைச் சங்கதி அவர்களுக்கும் தெரியும்போல.

"இன்னும் கேட்டுக்கிட்டு இருக்காக மதினி. என்ன சொல்ல?" என்றேன்.

அவள் நடையை நிறுத்தவில்லை. மூக்கை முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

"போடு" என்றாள். "மாடு வீட்டுக்கு வருதுன்னு போடு."